தார் ரோட்டுக்கு அப்பால் – 9: பக்கத்து சீட்டு

விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு கையில் தலையணையும் மறுகையில் பிளாஸ்க்குமாகச் சம்பந்தியம்மாள் வந்து நின்றதைப் பார்த்ததும், பெரியவள் இரண்டு நாளாக மனசுக்குள் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் குப்புறக் கவிழ்ந்தது.

“நானும் வர்றேன்” என்றாள் சம்பந்தியம்மாள்.

பெரியவள் தூக்கிக்கொண்டிருந்த தண்ணீர் கேனைக் கீழே வைத்தாள். “அத்தை, அது உல்லாசப் பயணம் இல்ல. முதுகெலும்பைக் கழட்டிக் கையில கொடுக்கிற பாதை.”

“கழண்டா நீ மாட்டிவிடு. எத்தனை வண்டிக்கு மாட்டிவிட்டிருக்கே!”

“இடமே இல்ல. பின்னாடி பூரா சாமான்.”

“சாமானை மடியில வச்சுக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் பின்கதவு வழியாக ஏறி, பெஞ்சு சீட்டின் நடுவில் தலையணையைப் போட்டு, இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தும் விட்டாள். முன்சீட்டுக்கு வரச் சொன்னதற்கு, “வேண்டாம். முன்னால உட்கார்ந்தா பள்ளமெல்லாம் என்னையே பார்த்து வருது” என்று பதில்.

இந்த அம்மாளின் மகனை, தன் தங்கை மாப்பிள்ளையைத் தனியாக, ஆள் அரவம் இல்லாத இடத்தில் நிறுத்தி, நேருக்கு நேராக ஒரு கேள்வி கேட்பதுதான் பெரியவளின் திட்டம். ‘என் தங்கையை என்ன செஞ்சீங்க?’ பெற்ற தாய் பின்சீட்டில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படிக் கேட்பது?

தங்கை சின்னவள் காணாமல் போய் ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. புருஷனோடு ஒரே வண்டியில் காட்டுப் பக்கம் போனவள் திரும்பவில்லை. அவன் மட்டும் வந்தான். தார் ரோடு தொடங்கும் இடம் வரை கூடவே வந்தாள், பிறகு காணோம் என்றான். தேடும் படை வந்தது, மோப்ப நாய் வந்தது. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. வாரங்கள் ஓடின. போன வாரம்தான் அவன் பெரியவளுக்குப் போன் செய்தான்.

“அக்கா, அன்னிக்கு நான் காட்டினது அந்த இடம் இல்ல. சரியான இடத்தைக் காட்டுறேன். வாங்க.”

அத்தோடு போனை வைத்துவிட்டான். பெரியவள் அன்று இரவு முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

இந்தக் காட்டுப் பைத்தியம் அக்கா, தங்கை, மாப்பிள்ளை மூன்று பேருக்கும் சேர்ந்து பிடித்ததுதான். பணத்தைக் கொட்டிப் பளபளவென்று பெரிய வண்டி வாங்கி, அதில் ஒரு கீறல் விழுந்தால் அழுகிறவர்கள் வேறு ரகம். இவர்கள் வாங்கியது மூன்று கை மாறி வந்த கிழட்டு வண்டிகள். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுவிலும் இருக்கிற திருகைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். ஆனால் எதில் இடித்தாலும் மனசு வலிக்காது. எங்கே நின்றாலும் ஒரு சுத்தியலும் கம்பியும் இருந்தால் கிளப்பிவிடலாம்.

மாப்பிள்ளை ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவனுடைய வண்டிக்குச் சின்னவள் வைத்த பெயர் தகரம். பெரியவள் ஓட்டுவது டவுன் பஸ். சொந்தமாக வைத்திருப்பது இந்தக் குட்டி வண்டி. முன்விளக்கு இரண்டும் பிதுங்கிக்கொண்டு இருப்பதால் அதற்குத் தவளை என்று பெயர். சின்னவள் எக்ஸ்ரே எடுக்கிறவள். வரைபடத்தில் எந்த இடம் வெறுமையாக இருக்கிறதோ அங்கே விரல் வைத்து, “இங்க ஏன் ஒண்ணுமே போடல?” என்பாள். அடுத்த விடுமுறைக்கு இரண்டு வண்டியும் அங்கே நிற்கும். கடைசிப் பயணத்துக்கு மட்டும் பெரியவளால் போக முடியவில்லை. அன்றைக்கு அவளுக்கு டியூட்டி.

வெளியே தகரம் உறுமியது. வாக்கி டாக்கி கரகரத்தது.

“அக்கா, நாங்க கிளம்புறோம். நீங்க பின்னாடியே வாங்க.”

நாங்க. பெரியவள் கியரைப் போட்டாள். பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

தார் ரோடு முடிந்த இடத்தில் மண் ரோடு. மண் ரோடு முடிந்த இடத்தில் யாரோ எப்போதோ போன தடம். அதுவும் தேய்ந்துபோய், கற்களுக்கு நடுவே வண்டி தானாக வழி தேடிப் போக வேண்டிய நிலம். கண்ணுக்கு எட்டின வரை முட்புதரும் சாம்பல் நிறப் பாறையும். ஒரு பறவை இல்லை. தவளையின் எஞ்சின் சத்தம் பாறையில் பட்டு, கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது.

பின்சீட்டில் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

“நீ அவனைச் சந்தேகப்படுறே. எனக்குத் தெரியும்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே அத்தை.”

“சொல்லாததுதான் தெரியுதே. காலையிலேருந்து அவன் முகத்தைப் பார்த்து நீ ஒரு வார்த்தை பேசல. அவன் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டான்.”

“எறும்பு காணாமப் போகல அத்தை.”

பின்கண்ணாடியில் பெரியவள் பார்த்தபோது அந்த அம்மாள் தலையணை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். சொன்னதற்காகப் பெரியவளுக்கே உறுத்தியது. ஆனால் வார்த்தை போனது போனதுதான்.

ஓடை குறுக்கிட்டது. ஆழம் முழங்கால்தான், அடியில் உருண்டைக் கல். தகரம் நின்றது. மாப்பிள்ளை இறங்கித் தன் பக்கத்து முன்சக்கரத்தில் குனிந்து திருகைப் பூட்டினான். நிமிர்ந்தான். மறுபடி ஏறி உட்கார்ந்துவிட்டான்.

பெரியவள் வாக்கி டாக்கியை எடுத்தாள். “மாப்பிள்ளை, அந்தப் பக்கச் சக்கரம்?”

“அதை அவ போட்டுடுவா அக்கா.”

தகரம் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து, ஒரு தடுமாற்றம் இல்லாமல் ஓடையைத் தாண்டிப் போயிற்று.

உண்மைதான், அந்த வீட்டில் அப்படித்தான் வழக்கம். அவன் ஒரு பக்கம், சின்னவள் ஒரு பக்கம். எந்த ஓடையானாலும் எந்தச் சேறானாலும் இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்கும், ஒன்றாகச் சாத்தும். பெரியவள் அதைப் பார்த்துக் கேலி செய்திருக்கிறாள்.

அக்கரையில் போய் நின்றதும் அவள் இறங்கி நடந்து தகரத்தின் மறுபக்கம் போய்ப் பார்த்தாள். திருகு பூட்டியிருந்தது. முன்பே பூட்டி, திறக்காமல் விட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஓடைத் தண்ணீரிலும் கரையாமல் ஒன்றரை மாத அழுக்கு அப்பியிருந்த அந்தத் திருகின் மேல், விரல் பட்டுத் துடைத்த மாதிரி இரண்டு இடம் சுத்தமாக இருந்தது.

நிமிர்ந்து ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள். பக்கத்து சீட்டு காலி. சீட் பெல்ட் மட்டும் போட்டிருந்தது.

“பெல்ட் போடலைன்னா கத்துவா” என்றான் மாப்பிள்ளை, அவளைப் பார்க்காமலே.

பெரியவள் தவளைக்குத் திரும்பினாள்.

அடுத்து முட்காடு. இரண்டு பக்கமும் முள் வண்டியை உரசிக் கிறீச்சிட்டது. ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்கள். முன்னால் தகரம் ஊர்ந்தது. பஸ் ஓட்டுகிறவளுக்குக் கண் எப்போதும் கண்ணாடியில்தான் இருக்கும்; தன் வண்டியானாலும் முன் வண்டியானாலும். அதனால்தான் அவள் அதைப் பார்த்தாள்.

தகரத்தின் பக்கத்து சீட்டு ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடி, முள் நெருங்கியதும் மெல்ல உள்பக்கம் மடங்கியது.

சரி, முள் தட்டியிருக்கும். தட்டினால் மடங்கத்தான் செய்யும்.

காடு விலகி வெட்டவெளி வந்தது. தகரம் வேகம் எடுத்தது. அந்தக் கண்ணாடி, மடக்கின கையே விரித்துவிட்ட மாதிரி, மறுபடி வெளியே விரிந்து, கொஞ்சம் மேலும் கீழும் அசைந்து, சரியான கோணத்தில் நின்றது.

மாப்பிள்ளையின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. தகரத்தின் பின்பக்க ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிந்தது.

“பார்த்தியா?” என்றாள் பின்சீட்டிலிருந்து சம்பந்தியம்மாள். குரலில் காலையில் இருந்த மிடுக்கு இல்லை.

“என்னத்தை அத்தை?”

“நீ பார்த்தே. எனக்குத் தெரியும். உன் தோள்பட்டை தூக்கிப் போட்டுச்சு.”

பெரியவள் கியரை மாற்றினாள்.

“நான் எதுக்கு வந்தேன்னு நினைக்கிறே? மகனுக்குக் காவலாவா?” அந்த அம்மாள் முன்னால் சரிந்து, பெரியவளின் காதருகே பேசினாள். “தினம் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா வீட்டுக்குள்ள வர்றதில்ல. கொட்டகையில வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். பேச்சுச் சத்தம் கேட்கும். சிரிப்பான்கூட. போனா போறது, ஆத்தாமைதானேன்னு விட்டுட்டேன். ஆனா அவன் இறங்கி வர்றப்போ...”

“வர்றப்போ?”

“ரெண்டு கதவு சாத்துற சத்தம் கேட்குது பெரியவளே. ஒருத்தன்தானே இறங்குறான்?”

ஒருவரை ஒருவர் காலையிலிருந்து முறைத்துக்கொண்டு வந்தவர்கள், இப்போது ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மதியம் தாண்டித்தான் அந்த இடம் வந்தது.

எந்தக் காலத்திலோ ஏரியாக இருந்திருக்க வேண்டும். இப்போது களிமண் வெளி. ஒரு புல் பூண்டு இல்லாமல், சலவைக்கல் மாதிரி தட்டையாக, எதிர்க்கரை நாணல் வரை கிடந்தது. வெயில் அதன் மேல் படுத்திருந்தது. காற்று அடியோடு நின்றிருந்தது. தூரத்தில், பாறைகளுக்குப் பின்னால், இந்த ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாகக் கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை விளிம்பிலேயே வண்டியை நிறுத்தி இறங்கினான். தகரத்தின் நிழலில் நின்றான். தாடி மண்டிப்போய், சட்டை தோளில் தொங்க, ஆள் பாதியாகியிருந்தான்.

“இங்கதான் அக்கா.”

“தார் ரோட்டுப் பக்கத்துலன்னு சொன்னீங்களே? அத்தனை பேர் அங்க தேடினாங்களே?” பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சம்பந்தியம்மாள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. “என் தங்கையை என்ன செஞ்சீங்க?”

அவனுக்குக் கோபம் வரவில்லை. அவள் கேட்பாள் என்று தெரிந்தவன் போல் தலையாட்டினான்.

“அன்னிக்கு முந்தின நாள் மழை. தரை தாங்குமான்னு தெரியல. எப்பவும் போல அவ இறங்கி நடந்து பார்த்தா. நான் வண்டியில இருந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிடுவான்னு பார்த்தா, போய்க்கிட்டே இருக்கா. கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கல. இறங்கி ஓடினேன்.”

“அப்புறம்?”

“நடுவுல நின்னேன். பின்னாடி ஹாரன் அடிச்சது. திரும்பிப் பார்த்தா, அவ வண்டியில உட்கார்ந்திருக்கா.”

சம்பந்தியம்மாள் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“நான் என்ன நினைப்பேன் அக்கா? வெயில்ல கண்ணு ஏமாத்திடுச்சுன்னு நினைச்சேன். வந்து ஏறினேன். வழி பூரா பேசிக்கிட்டே வந்தோம். தார் ரோடு ஏறினதும் திரும்பிப் பார்க்கிறேன், சீட்டு காலி. அங்கதானே காணாமப் போனா? அதான் அங்க காட்டினேன். அதுல பொய் எங்க இருக்கு?”

பைத்தியம் பிடித்தவன் பேச்சு. அல்லது நன்றாக யோசித்துக் கட்டிய கதை. இரண்டில் எது என்று தரை சொல்லிவிடும். பெரியவள் களிமண் வெளியைப் பார்த்தாள். அன்று ஈரமாக இருந்த மண். அப்புறம் ஒரு சொட்டு மழை இல்லை. வேறு வண்டியோ ஆளோ வரும் இடமும் இல்லை. வெயிலில் சுட்ட ஓடு மாதிரி இறுகியிருந்தது. அன்று பதிந்ததெல்லாம் அப்படியே இருக்க வேண்டும்.

இருந்தது.

விளிம்பில் தகரத்தின் பழைய டயர் தடம். அதன் பக்கத்து சீட்டு இருந்த இடத்திலிருந்து ஒரு சின்னக் கால் தடம் இறங்கிப் போயிற்று. சின்னவளின் பூட்ஸ்தான், குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்தது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் தேய்ப்பாள். பெரியவள் முழங்காலிட்டாள். குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

ஓட்டுநர் பக்கத்திலிருந்து பெரிய தடம், ஓட்டமாக. நடுவெளி வரை போய், ஓரிடத்தில் ஆழமாக அழுந்தி நின்று, திரும்பி நடந்து வந்திருந்தது. தனியாக. எங்கேயும் இரண்டு தடமும் கலக்கவில்லை. இழுபறி இல்லை, விழுந்த அடையாளம் இல்லை.

அப்படியானால் அவன் அவளைத் தொடக்கூட இல்லை. ஒன்றரை மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கல் ஒன்று பெரியவளுக்கு நழுவியது. நழுவின இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. ஏனென்றால் அவள் மறுபடி மறுபடி விளிம்பைச் சுற்றி வந்து பார்த்தாள். சின்னவளின் தடம் போவது மட்டும் இருந்தது. திரும்பி வந்து வண்டியில் ஏறினதற்கு ஒரு தடமும் இல்லை.

“நீங்க இங்கயே இருங்க” என்று சொல்லிவிட்டு, அவள் தங்கையின் கால் தடத்தை ஒட்டியே நடந்தாள்.

அவசரமில்லாத நடை. அலைந்து திரிந்து போன மாதிரி இல்லை. போகும் இடம் தெரிந்து போன மாதிரி, நூல் பிடித்தது போல் நேராக. மாப்பிள்ளை நின்று திரும்பிய இடத்தைத் தாண்டியது. எதிர்க்கரை நாணலை நெருங்கியது. அங்கே, அந்தப் பக்கத்தில் எந்தப் பாதையும் கிடையாது என்று சின்னவளே வரைபடத்தில் காட்டிய இடத்தில், இரண்டு டயர் தடங்கள் நாணலுக்குள்ளிருந்து வந்து நின்றிருந்தன.

ஒல்லியான டயர், ரொம்பப் பழைய வண்டி. நின்ற இடத்தில் கொஞ்சம் ஆழமாக அழுந்தியிருந்தது. சின்னவளின் தடம் அதன் பக்கத்து சீட்டுக் கதவு வரை போய், அங்கே முடிந்தது. ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. யாரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. வண்டி துளிகூட வழுக்காமல், பதமாகக் கிளம்பி, அரைவட்டம் அடித்து நாணலுக்குள் திரும்பிப் போயிருந்தது.

ஸ்டாப்பில் காத்திருந்து பஸ் ஏறுகிறவர்கள் இப்படித்தான் ஏறுவார்கள். வருஷக்கணக்காகப் பார்த்த காட்சி. ஆனால் இங்கே காத்திருந்தது பஸ்.

பெரியவள் போனில் படம் எடுத்தாள். சிக்னல் சுத்தமாக இல்லை. மேகம் இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தது. இன்று மழை விழுந்தால் நாளைக்கு இங்கே வெறும் சேறுதான் இருக்கும். படம் இருக்கும்; ஆனால் படத்தை வைத்துக்கொண்டு நாணலுக்குள் எந்தப் பக்கம் திரும்புவது?

ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள்.

“மாப்பிள்ளை, அவ வேற வண்டியில ஏறியிருக்கா. தன் காலால நடந்து போய் ஏறியிருக்கா. உயிரோட இருக்கலாம். தடம் தெளிவா இருக்கு. மழைக்கு முன்னாடி போயிடணும். வண்டியை எடுங்க.”

அவன் அசையவில்லை.

“நான் வரல அக்கா.”

“என்ன சொல்றீங்க?”

அவன் தகரத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளை நாலடி தள்ளிக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தினான்.

“அங்க போய் அவளைக் கண்டுபிடிச்சிட்டா, இங்க இருக்கிறவ யாரு?”

“இங்க யாரும் இல்ல!”

“மெதுவா, அக்கா. காது கேட்கும்.”

அவன் கண்ணில் பைத்தியம் தெரியவில்லை. பயம் தெரிந்தது. ரொம்ப நாள் தூங்காதவனின், ஆனால் தெளிவான பயம்.

“தெரிஞ்சேதான் இருக்கேன்” என்றான். “என்னமோ சரியில்லைன்னு தெரியும். ஆஸ்பத்திரி வேலையைப் பத்திப் பேசுறா, வண்டியைப் பத்திப் பேசுறா, என்னைக் கேலி பண்றா. எல்லாம் அவளேதான். உங்க பேச்சை எடுத்தா மட்டும்...”

“எடுத்தா?”

“அக்கான்னா யாருன்னு கேட்கிறா.”

பெரியவள் தகரத்தைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வயசு வரை அவள் இடுப்பை விட்டு இறங்காத தங்கை.

“அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்” என்றான் அவன். “உங்களைப் பார்த்தா ஞாபகம் வருமோன்னு. வரல. ஓடையில நீங்க ஜன்னல் வழியா பார்த்தீங்களே, அப்பக்கூட, யார் இதுன்னு கேட்டா.”

பெரியவள் அவனை விட்டு நடந்தாள். தவளையின் முன்சக்கரங்களுக்கு வந்தாள். ஒரு பக்கம் குனிந்து திருகைப் பூட்டினாள், சுற்றி வந்து மறுபக்கமும் தானே பூட்டினாள். பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. இன்னும் ஒரு கேன் பின்னால் இருந்தது. போதும் என்று தோன்றவில்லை. போதாது என்றும் சொல்ல முடியவில்லை.

“அத்தை, நீங்க உங்க பையனோட வீட்டுக்குத் திரும்பிடுங்க. போய்ச் சேர்ந்ததும் தேடும் படைக்குச் சொல்லுங்க.”

சம்பந்தியம்மாள் மகனைப் பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள். பெல்ட் போட்ட அந்தக் காலி சீட்டைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு தவளையின் பின்கதவுக்கு நடந்தாள்.

“அம்மா, நீயுமா?” என்றான் மாப்பிள்ளை. குரல் உடைந்தது.

“உனக்குப் பக்கத்துல ஆள் இருக்குன்னு நீ சொல்றே. இவளுக்குத்தான் யாரும் இல்ல” என்றாள் அந்த அம்மாள். ஏறப் போனவள் திரும்பி வந்து, அவன் கன்னத்தில் கை வைத்தாள். “இருட்டுறதுக்குள்ள நாங்க வரலைன்னா நீ கிளம்பிடு. யாரோட பேச்சையும் கேட்காம நேரா போய் ஆள் கூட்டிட்டு வா. புரியுதா? யார் பேச்சையும்.”

அவன் தலையாட்டினான்.

தவளை களிமண் வெளியில் இறங்கியது. தரை தாங்கியது, ஓடு உடைகிற மாதிரி மொறுமொறுவென்று சத்தம் மட்டும். பெரியவள் தங்கையின் கால் தடத்தை மிதிக்காமல், அதற்கு இணையாகவே ஓட்டினாள். பின்னால் தகரமும் அதன் அருகே நின்ற மனிதனும் சிறுத்துக்கொண்டே போனார்கள்.

“பயமா இருக்கா அத்தை?”

“இருக்கு. நீ ரோட்டைப் பாரு.”

“ரோடே இல்லையே.”

“இல்லாத ரோட்டைப் பாரு.”

காலையிலிருந்து முதல் தடவையாகப் பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது.

எதிர்க்கரையில், கால் தடம் முடிந்த இடத்தில், அவள் வண்டியை நிறுத்தினாள். நாணலுக்குள் அந்தப் பழைய டயர் தடம் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நாணல் ஆளுயரத்துக்கு மேல் காய்ந்து நின்றது. காற்று இல்லை, ஆனால் உள்ளே தடத்தின் இரு பக்கமும் மட்டும் கொஞ்சம் அசைந்துகொண்டிருந்தது. தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே உறைந்தாள்.

தவளையின் பின்பக்கம் மெல்ல அமுங்கி, நிமிர்ந்தது.

ஒரு ஆள் படியில் கால் வைத்து ஏறினால் வண்டி எப்படி அமுங்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை நூறு பேர் அப்படி ஏறுகிறார்கள்! பார்க்காமலே சொல்வாள், ஏறினது பெரியவரா சின்னப் பிள்ளையா, மூட்டை இருக்கிறதா இல்லையா என்று. இது மூட்டை இல்லாத, ஒல்லியான ஒரு பெண்.

வாக்கி டாக்கி கரகரத்தது.

“அக்கா...” மாப்பிள்ளையின் குரல். அழுகிறானா, மூச்சு வாங்குகிறானா என்று தெரியவில்லை. “அக்கா, கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. பெல்ட் கழண்டு கிடக்கு. சீட்டுல யாரும் இல்ல. இப்பதான்... இப்பதான் இறங்கினா. உங்க பக்கமா வர்றாளா?”

பெரியவள் வாக்கி டாக்கியை எடுக்கவில்லை. கண்ணைத் தூக்கிப் பின்கண்ணாடியைப் பார்த்தாள்.

காலையிலிருந்து பெஞ்சின் நடுவில் அசையாமல், இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாள் இப்போது ஒரு ஓரமாக, உடம்பை ஒடுக்கிக்கொண்டு, தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்த அம்மாள் அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பெரியவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அத்தை தள்ளி உட்கார்ந்திருக்கீங்க?”

“இடம் கேட்டா” என்றாள் சம்பந்தியம்மாள், உதடு அதிகம் அசையாமல். “விட்டேன்.”

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவளுக்கு இறங்கி ஓடிவிட வேண்டும் போலிருந்தது. எங்கே ஓடுவது? முன்னால் தங்கை போன தடம், வானத்தில் மழை. பஸ்ஸில் ஏறினவர்களை முகம் பிடிக்கவில்லை என்று இறக்கிவிட்டதில்லை அவள், இத்தனை வருஷத்தில். ஒருநாளும் இல்லை.

“பெரியவளே” என்று மறுபடி கூப்பிட்டாள் சம்பந்தியம்மாள். குரல் நூலிழையாக வந்தது. “நீ யாருன்னு கேட்கிறா.”

பெரியவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தாள். நாணலுக்குள் தடம் இடதுபக்கம் வளைந்து போவது இப்போது நன்றாகத் தெரிந்தது. கியரைப் போட்டாள். தவளை முக்கி முனகி நகர்ந்தது.

“போற இடத்துல சொல்றேன்னு சொல்லுங்க” என்றாள். “ரெண்டு பேரும் கெட்டியா பிடிச்சுக்கோங்க.”